ஜன்னலில் தொங்கிய ஈரச் சாக்கு

நீங்கள் இருவரும் கடத்தூரில் அத்தை வீட்டில் இருந்த நாட்களில், ஒரு சாயங்காலம் சின்னவள் போனில் என்னிடம் கேட்டாள்: "அம்மா நெஞ்சுக்குள்ள காளான் மொளச்சிருக்குதாப்பா?" பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னார்களாம். மழை பெய்த மறுநாள் குப்பைமேட்டில் குடை விரித்து நிற்குமே, அது மாதிரி ஒன்று அம்மாவுக்குள் நிற்பதாக அவள் நினைத்திருக்கிறாள். நான் அப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்தேன். அப்படியெல்லாம் இல்லை, நன்றாகச் சாப்பிடு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அது என்னவென்று எனக்கே அன்றைக்குச் சரியாகத் தெரியாது. இப்போது ஓரளவு தெரியும். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். எழுதுவதில் தப்பிருந்தால் நீங்கள் பெரியவர்களான பிறகு திருத்திக்கொள்ளுங்கள்.

அம்மாவின் நோய் ரத்தத்தில் தொடங்கியது. மல்பெரித் தழைக்கட்டு சுமந்த தோளில் நீலமாகக் கன்றிப்போகும். ஒரு வாரமானாலும் மறையாது. பல் விளக்கினால் ஈறில் ரத்தம் வரும். பட்டுப்புழு ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடந்தாலே மூச்சு வாங்கினாள். வேலை அதிகம், சத்துக் குறைவு என்று நினைத்துப் பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்தேன். மொரப்பூரில் ரத்தம் பார்த்த இடத்தில், முடிவு தப்பாக இருக்குமோ என்று அவர்களே இன்னொரு முறை ரத்தம் எடுத்தார்கள். இரண்டாவதும் அப்படியே வந்தது. அங்கிருந்து ரயில் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

இடுப்பெலும்பில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்த பிறகு டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து விளக்கினார். எலும்புக்குள் மஜ்ஜை என்று ஒன்று இருக்கிறது. ரத்தம் ஊறுவது அங்கேதான். அம்மாவுக்கு அந்த ஊற்று அடைத்துக்கொண்டது. புற்றுநோய் இல்லை. ஆனாலும் லேசான நோயும் இல்லை. சிவப்பு அணு குறைந்ததால் மூச்சு வாங்குகிறது. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு குறைந்ததால் கன்றுகிறது. நோய்க்கிருமியை அடித்து விரட்டும் வெள்ளை அணு குறைந்தது வெளியே தெரியவில்லை. "எனக்குப் பயம் அதுலதான்" என்றார் அவர்.

அதை நான் நம் ஷெட்டை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். பூசணம் பிடித்த புழு வெள்ளையாக விறைத்து, சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஆகிவிடும். அதே ஷெட்டில் நாமும்தான் நாள் முழுக்க நிற்கிறோம். புழுவைப் பிடிக்கும் பூசணமும் மனிதரைப் பிடிக்கும் பூசணமும் வேறு வேறு ஜாதியானாலும், ஏதோ ஒரு பூசணத்தின் கண்ணுக்குத் தெரியாத தூள் நம் மூக்கு வழியாகவும் தினமும் உள்ளே போகிறது. நமக்கு ஒன்றும் ஆவதில்லை. வெள்ளை அணு அதைத் தின்றுவிடுகிறது. அம்மாவுக்குத் தின்ன ஆள் இல்லை.

கூடப் பிறந்தவரின் மஜ்ஜை ஒத்துப்போனால் அதை எடுத்து வைக்கலாம் என்றார்கள். உங்கள் மாமா மறுநாளே வந்து ரத்தம் கொடுத்தார். முடிவு வரும்வரை அவர் பீடியைத் தொடவில்லை. ஒத்துப்போகவில்லை என்று சொன்னபோது, இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்டார். ஓர் அம்மா வயிற்றில் பிறந்தவர்கள், எப்படி ஒத்துப்போகாமல் இருக்கும் என்பது அவருக்கு விளங்கவே இல்லை.

கடைசியில் மஜ்ஜைக்குப் பதிலாக ஒரு மருந்து ஏற்றினார்கள். அது வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும், அதுவரை மாத்திரையோடு வீட்டில் பத்திரமாக இருக்கலாம் என்றார்கள். தூசி ஆகாது. எருக்குழிப் பக்கம் போகக்கூடாது. சாணி போட்டு மெழுகக்கூடாது. பச்சையாக எதையும் தின்னக்கூடாது. தலையில் பூ வைக்கக்கூடாது. கூட்டம் ஆகாது. காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டுப் பார்க்காமல் உடனே கிளம்பி வர வேண்டும்.

இதையெல்லாம் நான் போனில் மாமாவுக்குச் சொன்னேன். மஜ்ஜை கொடுக்க முடியாத மனிதருக்குச் சுத்தமான வீட்டையாவது கொடுக்க வேண்டும் போலிருந்தது. சுற்று வட்டாரத்தில் யார் ஷெட்டில் புழுவுக்கு நோய் விழுந்தாலும் அடுத்த புழு விடுவதற்கு முன்னால் சுத்தம் பண்ண அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதே முறையில் நம் வீட்டைப் பண்ணினார். நாங்கள் வருவதற்கு நிறைய நாள் முன்பே வெள்ளையடித்து முடித்து, பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தரையைக் கழுவி, கதவைத் திறந்துபோட்டுக் காய வைத்திருந்தார். வாசற்படியில் ஒரு தட்டில் சுண்ணாம்புத் தூள் பரப்பியிருந்தது. ஷெட்டுக்குள் நுழைகிற மாதிரி, யார் வந்தாலும் அதில் கால் வைத்துத்தான் உள்ளே வர வேண்டும். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் நலம் விசாரிக்க வந்தவர், தட்டைப் பார்த்துவிட்டு வெளியே நின்றே விசாரித்துவிட்டுப் போனார்.

அம்மாவுக்குச் சிரிப்பு. "எங்கண்ணன் என்னையும் புழுவாட்டம் வளக்கறாரு. தழ மட்டுந்தான் இன்னும் போடல."

"கூடு கட்டுற வரைக்கும் பேசாம படு" என்றார் மாமா.

வெயில் ஏறிய மாதம் அது. நம் வீடு மொட்டைமாடி வீடு. மத்தியானத்தில் மேலே மின்விசிறி சுற்றினால் அடுப்புக் காற்று இறங்கும். அம்மாவின் உடம்பு அதைத் தாங்கவில்லை. வெயில் காலத்தில் புழு வாடாமலிருக்க ஷெட்டின் ஜன்னல்களில் கோணிச்சாக்கைக் கட்டித் தண்ணீர் தெளிப்போமே, மாமா அதையே கொண்டுவந்து அம்மா அறையின் ஜன்னலில் கட்டினார். புதுச் சாக்கு; பிளீச்சிங்கில் அலசி வெயிலில் போட்டு எடுத்ததுதான். வெளித் தூசியையும் அது பிடித்துக்கொள்ளும் என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. காலை, மத்தியானம், சாயங்காலம் என்று நாங்கள் மாறி மாறி நனைத்தோம். அறை ஜில்லென்று இருந்தது. அம்மா பகலிலும் தூங்க ஆரம்பித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தது ஞாபகம் இருக்கும். பெரியவளுக்குச் சளி. கேட்டுக்கு வெளியிலேயே நிற்க வைத்தேன். அம்மா கதவுவரை வந்து கையை ஆட்டினாள். சின்னவள் கேட்டில் ஏறப் பார்த்தாள். நான் சத்தம் போட்டேன். திரும்பிப் போகும்போது பஸ்ஸில் நீங்கள் அழுததாக அத்தை சொன்னாள்.

அதற்குப் பிறகு சில நாளில் காய்ச்சல் வந்தது. காலையில் நெற்றியைத் தொட்டேன், சுட்டது. வறட்டு இருமல் இருந்தது. மூச்சை இழுத்தால் வலதுபக்கம் குத்துகிறது என்றாள். கார் பிடித்துக்கொண்டு நானும் மாமாவும் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் மாமா ஜன்னல் கண்ணாடியை ஏற்றியே வைத்திருந்தார், தூசி வருமென்று.

வழக்கமான கிருமி மருந்துகளை ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. மருந்தை மாற்றினார்கள். அப்போதும் இறங்கவில்லை. நெஞ்சை ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது வலது நுரையீரலில் ஓர் உருண்டை, அதைச் சுற்றிப் பனி மாதிரி ஒரு வளையம். டிபியாக இருக்கும் என்று பக்கத்துப் படுக்கைக்காரரின் உறவினர் சொன்னார். டிபியாக இருந்தால்கூட நல்லது, அதற்கு மருந்து உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா எங்கள் இருவரையும் தனியாகக் கூப்பிட்டார். இது பூஞ்சையாக இருக்கும் என்று சந்தேகப்படுவதாகச் சொன்னார். குழாய் விட்டு நுரையீரலிலிருந்து எடுத்துப் பார்த்தால் உறுதியாகத் தெரியும். தட்டணு இவ்வளவு குறைவாக இருக்கும்போது குழாய் விட்டால் ரத்தம் நிற்காமல் போகலாம். அதனால் வீட்டைப் பற்றிக் கேட்கிறேன், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். சுவரில் ஓதம் உண்டா, பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா என்று கேட்டார். இல்லை, இல்லை என்றேன். வெள்ளையடித்ததையும் சுண்ணாம்புத் தட்டையும் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

"இந்த வெயில்ல ரூம் எப்படி? ஏசி இருக்கா?"

"இல்லீங்க மேடம். ஜன்னல்ல ஈரச் சாக்கு கட்டியிருக்கறோம். புழு ஷெட்டாட்டம் ஜில்லுனு இருக்கும்." கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். "தினமும் நனைப்பீங்களா?"

"தெனமும் மூணு வேளைங்க."

"எப்பக் கழட்டிக் காயவைப்பீங்க?"

நான் மாமாவைப் பார்த்தேன். ஷெட் விஷயம் என்பதால் அவர் முந்திக்கொண்டு சொன்னார்: "புழு எடுத்து முடிஞ்சாத்தானுங்க கழட்டுவோம்."

சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறியது. ஷெட்டில் புழு கூடு கட்டி முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி, அலசி, உலர்த்துவோம். ஒரு புழுவுக்கும் அடுத்த புழுவுக்கும் நடுவில் ஷெட் காலியாகக் கிடக்கும். அம்மாவின் அறை காலியாகவே இல்லை. அதனால் சாக்கைக் கழற்றும் நாளும் வரவில்லை. நாங்கள் வீட்டுக்கு வந்த வாரம் கட்டியது, காய்ச்சல் வந்த காலைவரை ஒரு பொழுதும் காயாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா திட்டவில்லை. பூஞ்சைக்கான மருந்தை இப்போதே ஆரம்பிக்கிறேன், ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கப் போவதில்லை என்று மட்டும் சொல்லி எழுந்தார். மாமா படி இறங்கிப் போனார். டீ குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நேராக ரயிலேறிவிட்டார்.

மறுநாள் வீட்டிலிருந்து போன் செய்தார். "சாக்க வெளிப்பக்கம் பாத்தா ஒண்ணுமே தெரியல மாப்ள. உள்பக்கம், கம்பிய ஒட்டுன எடத்துல, கருப்பும் பச்சையுமா பூத்துக் கெடக்குது. தட்டுனா பொகையாட்டம் வருது."

தட்டாதீங்க மச்சான், மூக்கைக் கட்டிக்கொண்டு தண்ணீர் ஊற்றி நனைத்துக் கொண்டுபோய்ப் புதையுங்கள் என்றேன்.

"என் மூக்குக்கு என்னா வந்துது" என்றார். "டாக்டரம்மாவக் கேளு மாப்ள. அதுதானான்னு கேளு."

கேட்டேன். அந்தத் தூள் காற்றில் எல்லா இடத்திலும் இருக்கிறது, இந்த ஆஸ்பத்திரி வாசலிலும் இருக்கிறது, உங்கள் சாக்கிலிருந்துதான் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். அப்படியே மாமாவிடம் சொன்னேன். அவர் காதில் ஒரு பாதிதான் விழுந்தது.

சின்னவள் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். அது குடைக் காளான் இல்லை. பழைய சோற்றில், நனைந்த புளியில் நூல்நூலாகப் படருமே, அந்தக் குடும்பம். நுரையீரலில் விழுந்த தூள் அங்கே நூல் விடும். தடுக்க ஆள் இல்லாததால் அந்த நூல் ரத்தக் குழாயின் சுவரைத் துளைத்து உள்ளே போகும். டாக்டரம்மா ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை. அந்த நூல் இந்நேரம் எங்கே போயிருக்கும் என்றே மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அம்மா இருமினால் அவள் வாயைத் துடைத்த துணியை வாங்கிப் பார்ப்பேன். இருமாமல் படுத்திருந்தால் எழுப்பிப் பார்ப்பேன். "என்னங்க, உயிரோடதான் இருக்கறேன், தூங்க வுடுங்க" என்பாள்.

பூஞ்சை மருந்து ஏற ஆரம்பித்ததும் அவள் கண்ணுக்கு ஏதேதோ தெரிந்தது. வெள்ளைச் சுவரில் மல்பெரிப் பழத்தின் நிறம் வழிகிறது என்றாள். நூல் மூளைக்கு ஏறிவிட்டது என்று நான் நர்ஸிடம் ஓடினேன். இந்த மருந்துக்குச் சிலருக்கு அப்படித் தெரியும், போகப்போகச் சரியாகிவிடும் என்று அவர் சொன்ன பிறகும் டாக்டரம்மாவிடம் போய் இன்னொரு முறை கேட்டேன். அம்மா அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்பப் பச்ச. உங்களுக்குத் தெரியல? பாவம்."

ரத்தப் பரிசோதனையும் பூஞ்சை என்றே வந்தது. காய்ச்சல் மெல்ல இறங்கியது. வெள்ளை அணுவும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறத் தொடங்கியதாகச் சொன்னார்கள். எனக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது. அந்தக் காலையில்தான், வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தவள் இருமினாள், தொட்டியில் ரத்தம். ஈறு ரத்தம் எனக்குப் பழகிப்போனது. இது அப்படி இல்லை, நுரையோடு பளிச்சென்று இருந்தது. அவள் தொட்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் கத்தினேனா என்று தெரியவில்லை, ஆட்கள் ஓடிவந்தார்கள். படுக்க வைத்துத் தட்டணு ஏற்றினார்கள். நிற்காவிட்டால் உள்ளே போய் ரத்தக் குழாயை அடைக்க வேண்டியிருக்கும், கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். போட்டேன். என் பெயரை எழுதவே நேரமாயிற்று. பொழுது சாய்வதற்குள் ரத்தம் தானாகவே நின்றுவிட்டது.

மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். முன்பு உருண்டை இருந்த இடத்தில் இப்போது பிறை மாதிரி ஓர் ஓட்டை. படத்தைப் பார்த்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். நுரையீரலில் ஓட்டை விழுந்தால் மனிதர் எப்படிப் பிழைப்பார்? டாக்டரம்மாவோ, நல்ல அறிகுறிதான் என்றார். வெள்ளை அணு திரும்பி வந்து சண்டை போட்டுச் செத்த பகுதியைப் பிரித்தெடுக்கும்போது இப்படித்தான் தெரியுமாம். ரத்தம் வந்ததும் அந்தச் சமயத்தில் நடப்பதுதானாம். நல்லதும் கெட்டதும் ஒரே முகமாக வந்தால் படிக்காதவன் எதைப் பார்த்துப் பயப்படுவது? இரண்டையும் பார்த்துப் பயந்தேன்.

இத்தனை நாளில் மாமா ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. அண்ணன் எங்கே என்று அம்மா கேட்கும்போதெல்லாம், ஷெட்டில் வேலை என்று சொல்லிவந்தேன். ஒருநாள் தலையணையில் சாய்ந்தபடி, "புழுவே வுடாத ஷெட்டுல என்னாங்க வேல?" என்றாள். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சாக்கின் உள்பக்கம் எப்படி இருந்தது என்பதையும் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். போனைக் கொடுங்கள் என்றாள்.

அந்தப் பக்கம் மாமா எடுத்தார்.

"அண்ணா, சாக்கக் கழட்டிட்டீங்கல்ல?"

"உம்."

"ஜன்னல்ல வேற என்னா கட்டப் போறீங்க? நான் வந்து வெந்து சாவறதா?"

மாமா அழுதது எனக்கே கேட்டது. அவள் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு, மொட்டைமாடி மேல் தென்னங்கீற்றுப் பந்தல் போட வேண்டாம், கீற்று நனைந்தால் அதுவும் பூக்கும், தகரம் போடுங்கள் என்றாள். என்னென்ன ஆகாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். டாக்டரம்மா சொன்னதைவிட அதிகமாகவே சொன்னாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய பிறகு நாங்கள் உடனே ஊருக்கு வரவில்லை. பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கினோம். வீடு தயாராகட்டும் என்று காத்திருந்தோம். மாமா தகரம் போட்டார். எருக்குழியைக் கொல்லையின் கடைசிக்கு மாற்றினார். ஜன்னலுக்குச் சன்னமான கம்பிவலை அடித்தார். எல்லாம் முடிந்ததா என்று போனில் கேட்டால், இன்னும் ரெண்டு நாள் ஆகட்டும் என்பார். ரெண்டு நாள் கழித்துக் கேட்டாலும் அதையேதான் சொல்வார். காலை வெயில் அறைக்குள் விழும்போது அந்த வெளிச்சத்தில் தூள் பறக்கிறது என்றார். எல்லா வீட்டிலும் பறக்கும் மச்சான் என்று நான் சொன்னால் அவருக்குக் கோபம் வந்தது. கடைசியில் அம்மாதான், "அவரு பாத்துக்கிட்டே இருந்தா தூசி நிக்குமா? கெளம்புங்க" என்றாள்.

இப்போது அம்மா வீட்டில் இருக்கிறாள். பூஞ்சை மாத்திரையை இன்னும் பல மாதம் நிறுத்தக்கூடாது. ரத்த அணுக்கள் ஏறுகின்றன, ஆனால் நோயில்லாதவர்கள் அளவுக்கு இன்னும் வரவில்லை. அடுத்த ஸ்கேனில் அந்தப் பிறை எப்படியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் உங்களைக் கூட்டிவர இன்னும் தயங்குகிறேன். அத்தை வீட்டில் ஒருவரும் தும்மாத ஒரு வாரம் வரட்டும்.

தினமும் காலையில் அவள் அக்குளில் தெர்மாமீட்டரை வைக்கிறேன். அதை எடுத்து ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கிறேன். மாமாவும் காலையில் பால் கறக்கும் முன்பே போன் செய்துவிடுவார். நலமா என்றெல்லாம் கேட்பதில்லை, "எவ்வளவு?" என்பார். தெர்மாமீட்டரில் இருப்பதைச் சொல்வேன். "செரி" என்று வைத்துவிடுவார். இன்று காலையும் கேட்டார். சொன்னேன். இன்னொரு தடவை பார்த்துச் சொல் என்றார். மறுபடி வைத்துப் பார்த்தேன், அதேதான் இருந்தது. சொன்னேன்.

"செரி" என்றார்.